கொப்பியை மூடிவிட்டுச் சொல்லு

(உயிலங்குளத்தில் பெற்றோர், ஆசிரியர், மாணவர் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் வயலிலிருந்து நேரே வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் வந்திருக்கிறீர்கள். ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் மாலை வந்தால் ஒரு கேள்வி கேட்போம்: "படிச்சிட்டியா?" பிள்ளை "ஓம்" என்று சொல்லும். அந்த "ஓம்" பொய்யில்லை. பிள்ளை கொப்பியைத் திறந்தது, மூன்று தரம் வாசித்தது, கண்ணுக்கு எல்லாம் பழக்கமாகத் தெரிந்தது, மூடிவைத்தது. அடுத்த கிழமை வகுப்பில் கேட்டால் வாயில் ஒன்றும் வராது. நாம் பிள்ளையை ஏசுவோம். பிள்ளை தன்னையே மொக்கு என்று நினைத்துக்கொள்ளும். இரண்டும் அநியாயம். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். "கொப்பியை மூடிப்போட்டுச் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். இன்றைக்கு நான் பேசப்போவது முழுவதும் இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு தாய். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். தாய் முற்றத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் திண்ணையில் விஞ்ஞானக் கொப்பியோடு இருந்தாள். தாய்க்குப் பெரிதாக எழுத்துவாசனை கிடையாது. ஆனாலும் கையில் கத்தியோடு, தலை நிமிராமல், "மூடிப்போட்டுச் சொல்லு பிள்ளை" என்றார்.

மகள் சொன்னாள்: "ஒளித்தொகுப்புக்குத் தேவையான காரணிகள் நாலு. சூரிய ஒளி, தண்ணி, காபனீரொட்சைட்டு..." என்று இழுத்தாள்.

தாய் சொன்னார்: "நாலெண்டு சொன்னாய். மூண்டுதானே வந்தது."

பிள்ளை கண்ணை மூடியது, நெற்றியைச் சுருக்கியது. கை கொப்பியின் பக்கம் போனது. "பாக்காத, யோசி" என்றார் தாய். ஒரு மீனின் செதிலைச் சுரண்டி முடிக்கும் அளவு நேரம் போயிருக்கும். "பச்சையம்!" என்று கத்தினாள் அந்தப் பிள்ளை. பிறகு கொப்பியைத் திறந்து பார்த்து, "சரிதான் அம்மா" என்று தானே சொன்னாள்.

ஒளித்தொகுப்பு என்றால் என்னவென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. நாலு என்று சொன்னால் நாலு வர வேண்டும் என்பது தெரியும். கேட்கத் தெரியும், பொறுத்திருக்கத் தெரியும். பிள்ளைக்குத் தேவைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அந்த நாளில் நான் கொடுத்துவந்த வீட்டுவேலை என்ன தெரியுமா? "பத்துத் தரம் எழுதிக்கொண்டு வா." நான் படித்த காலத்தில் எனக்குத் தந்ததையே நானும் தந்தேன். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிவந்தார்கள், நானும் சிவப்புப் பேனையால் சரி போட்டேன். ஒருநாள் ஒரு பையன் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் வசனத்தை எழுதவில்லை. முதல் சொல்லை மேலிருந்து கீழாகப் பத்துத் தரம் எழுதினான். பிறகு இரண்டாம் சொல்லை அதன் பக்கத்தில் பத்துத் தரம். அப்படியே நிரல் நிரலாக. கை வேலை செய்தது, பாடம் அவன் பக்கமே வரவில்லை. அது அவன் பிழையல்ல, என் பிழை. பார்த்து எழுதுவதைப் பத்துத் தரம் செய்தாலும், நூறு தரம் செய்தாலும், நினைத்து எடுக்கும் வேலை ஒரு தரம்கூட அதில் நடப்பதில்லை.

"ஏன் ஐயா பாடமாக்க வேண்டும்? இப்போது எல்லாம் போனில் இருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மூன்றின் கீழ் எட்டு, ஒன்றின் கீழ் ஆறு என்று பின்னம் எழுதுகிறோமே, அந்த 3/8 ஐயும் 1/6 ஐயும் கூட்டச் சொல்லுங்கள். பொதுப் பகுதி 24 என்று காண வேண்டும், பிறகு 9/24, 4/24, விடை 13/24. வாய்ப்பாடு நாவில் இருக்கிற பிள்ளைக்கு மனம் முழுவதும் பின்னத்தில் நிற்கும். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை விரல் மடித்து எண்ணும், எண்ணி முடிப்பதற்குள் எதற்காக எண்ணத் தொடங்கினோம் என்பது மறந்துபோகும். மனிதமனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது மிகக் கொஞ்சம். அடிப்படைகள் தானாக வந்தால்தான் யோசிப்பதற்கு இடம் மிஞ்சும்.

இன்னொன்று. இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு மல்வத்து ஓயா, நீளம் 164 கிலோமீற்றர் என்று ஒரு பிள்ளை பாடமாக்குகிறது. வெறும் எண்தானே என்று தோன்றும். அந்த மல்வத்து ஓயாதான் நாம் அருவியாறு என்கிற ஆறு. அனுராதபுரத்தைத் தொட்டு வருகிற அந்தத் தண்ணீர்தான் தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக்குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாக நம் வயல்களுக்குப் பாய்கிறது. இதை மனத்தில் வைத்திருக்கிற பிள்ளை வாய்க்காலைப் பார்க்கும்போது 164 கிலோமீற்றரையும் பார்க்கிறது. மேலே மழை பெய்தால் இங்கே என்ன ஆகும் என்று கேட்கத் தொடங்குகிறது. கேள்வி பிறப்பதற்கும் மனத்தில் ஏதாவது இருக்க வேண்டும். போனில் தேடுவதென்றாலும் என்ன சொல் போட்டுத் தேடுவது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, மூடிவிட்டுச் சொல்வதில் அப்படி என்ன இருக்கிறது? உலகத்தில் இதைப் பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து 1885 இல் நூலாக வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகு மறதி மெல்ல மெல்ல நடந்தது. அறிஞருக்கே அப்படி. ஆகவே மறந்துபோகிற பிள்ளைக்கு மூளையில் குறை என்று நினைக்காதீர்கள். மறதி எல்லோருக்கும் பொது.

அந்த மறதியை எப்படி மறிப்பது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிற்சர் என்பவர் 91 பாடசாலைகளில் 3,605 பிள்ளைகளை வைத்துப் பெரிய சோதனை ஒன்று செய்து 1939 இல் வெளியிட்டார். எல்லோரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், நம் தரம் 6 பிள்ளைகளின் வயது. ஒரு பாடப்பகுதியை வாசித்தபின் விரைவிலேயே கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைகள், கிழமைகள் கடந்தபின்னும் மற்றவர்களைவிட நிறைய நினைவில் வைத்திருந்தார்கள். 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒரு பகுதியை ஒருமுறை படித்தபின், மறுபடி வாசித்தவர்கள் ஒரு பக்கம். மூடிவிட்டு நினைத்து எழுதியவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள்தான் மேல்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு கிழமை கழித்து என்ன ஆனது? மறுபடி வாசித்தவர்கள் 42 க்கு இறங்கிவிட்டார்கள். மூடிவிட்டு எழுதியவர்கள் 56 இல் நின்றார்கள்.

அந்த 81 ஐ நன்றாகக் கவனியுங்கள். நம் பிள்ளைகளை ஏமாற்றுவது அதுதான். வாசித்த உடனே எல்லாம் வருகிறது, "எனக்குத் தெரியும்" என்று பிள்ளை நம்புகிறது, தவணைப் பரீட்சை மண்டபத்தில்தான் உண்மை தெரிகிறது. அந்த உண்மையை வீட்டுத் திண்ணையிலேயே, அச்சமில்லாமல், முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி செய்வதுதான் தன்னைத்தானே சோதிப்பது.

இதெல்லாம் வெளிநாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டாம். நம் மண்ணில் இது பழைய விடயம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால். தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மிகுதி அரைப்பங்கும் வந்து சேர்கிறது என்கிறார். கேட்பது கால், சொல்வது அரை. நாம் இன்று பிள்ளைகளைக் கேட்க மட்டும் வைத்துவிட்டு முழுப்பங்கையும் எதிர்பார்க்கிறோம்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படித்தார்கள். வளர்ந்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களிடம் பாடம் கேட்டான். 1790களில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தினார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797 இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அந்த முறை மதராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது.

அவ்வளவு தூரம் ஏன் போவான்? இங்கே, இந்தக் கூட்டத்தில் கூத்து ஆடியவர்கள் இருக்கிறீர்கள். நம் மாதோட்டம் கூத்துக்குப் பேர்போன மண். விடியவிடிய ஆடும் கூத்தில் ஒரு ராசாவுக்கு எத்தனை பாட்டு, எத்தனை வசனம்! ஆடுகிறவர்களில் எத்தனை பேர் கொப்பி பார்த்து வாசிக்கக்கூடியவர்களாக இருந்தார்கள்? கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒரு அடியைச் சொல்வார், நீங்கள் திருப்பிப் பாடுவீர்கள். மறுநாள் இரவு அண்ணாவியார் வாயை மூடிக்கொள்வார், நீங்கள்தான் பாட வேண்டும். தடங்கினால் முதல் சொல்லை மட்டும் எடுத்துத் தருவார். முழு அடியையும் தரமாட்டார். அவர் ரோடிகரைப் படித்தவரல்ல. முழுவதையும் எடுத்துக் கொடுத்தால் ஆடுகிறவனுக்கு மேடையில் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சமயம் படித்ததும் அப்படித்தான். ஞானோபதேசத்தைக் கேள்வியும் விடையுமாகத்தான் நாம் படித்தோம். ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்கு எழுதிய நூலும் வினாவிடைதான். மதரசாவில் பிள்ளை குர்ஆனை மூடிவைத்து உஸ்தாதின் முன் ஓதிக் காட்டுகிறது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் கூத்துக் கொட்டகையிலும் நமக்குத் தெரிந்த முறையை, பள்ளிக்கூடக் கொப்பிக்கு மட்டும் ஏன் மறந்துபோனோம்?

இனிச் செய்முறைக்கு வருகிறேன்.

முதலாவது, மடித்த தாள். ஒரு கோட்டுத்தாளை நெடுக்காக நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. ஒரு பாடத்துக்கு ஒரு கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினால் அது இன்னொரு பாடநூல் ஆகிவிடும். எது கட்டாயம் மனத்தில் நிற்க வேண்டும் என்று தெரிவு செய்வது ஆசிரியரின் பொறுப்பு. பிள்ளை தாளை மடித்து விடையை மறைத்து, வேறு தாளில் தன் விடையை எழுத வேண்டும், பிறகு விரித்துப் பார்த்துத் தானே சரி, பிழை போட வேண்டும். பிழைத்ததை நிறப்பென்சிலால் திருத்தி, இன்னொரு முறை மூடிவிட்டுச் சொல்ல வேண்டும். மூடு, சொல், பார், திருத்து. பத்து நிமிட வேலை.

இரண்டாவது, இடைவெளி. இதை விவசாயிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போகத்துக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் வயலுக்குள் விட்டால் என்ன ஆகும்? வரம்பு உடையும், மிச்சம் வடிந்தோடும். அதனால்தான் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுக்க விழித்திருந்து படிப்பது துரிசை முழுக்கத் திறந்துவிடுவது போல. இன்று படித்ததை நாளைக்கு ஒரு தரம், மூன்று நாள் கழித்து ஒரு தரம், ஒரு கிழமை கழித்து ஒரு தரம், மாதம் கழித்து ஒரு தரம் கேளுங்கள். கொஞ்சம் மறந்திருக்கும், பரவாயில்லை. மறக்கத் தொடங்கும் நேரத்தில் முயன்று எடுத்தால்தான் வேர் ஆழப் போகும்.

மூன்றாவது, மூன்று பால்மாப் பேணி. செபஸ்தியான் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1972 இல் பெட்டிகளை வைத்து ஒரு முறை சொன்னார். நமக்குப் பெட்டி வேண்டாம், வெறும் பேணி போதும். பழைய கலண்டர் மட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதுங்கள். எல்லாத் துண்டும் முதலில் ஒன்றாம் பேணியில் இருக்கும். அதை நாள்தோறும் எடுத்துக் கேட்க வேண்டும். சரியாகச் சொன்ன துண்டு இரண்டாம் பேணிக்குப் போகும். அது மூன்று நாளுக்கு ஒரு தரம். அங்கேயும் சரி என்றால் மூன்றாம் பேணி. அது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின். எந்தப் பேணியில் பிழைத்தாலும் அந்தத் துண்டு ஒன்றாம் பேணிக்குத் திரும்ப வேண்டும். தெரிந்ததில் நேரம் வீணாகாது, தெரியாதது ஒளிந்துகொள்ளவும் முடியாது. மூன்றாம் பேணி நிறைவதைப் பிள்ளை தன் கண்ணால் காணும். அந்தச் சந்தோசத்துக்கு நீங்கள் பரிசு வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை.

இவ்வளவும் கெட்டுப்போக ஒரே ஒரு வழி இருக்கிறது. பிழைக்கு அடி விழுகிற வீட்டில் பிள்ளை மடித்த தாளை விரித்துப் பார்த்துத்தான் எழுதும். நான் அடித்த காலமும் உண்டு, அதனால் சொல்கிறேன். அடித்த காலத்தில் என் பிள்ளைகள் நன்றாகப் பார்த்தெழுதக் கற்றுக்கொண்டார்கள். தன்னைத்தானே சோதிப்பதற்கு நேர்மை வேண்டும், நேர்மைக்கு முதலில் பயம் போக வேண்டும். பிழையைக் காட்டுகிற பிள்ளையிடம் "நல்லது, எது தெரியாதெண்டு இப்பத் தெரிஞ்சிட்டுது" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியை அந்த நேரத்தில் இழுக்காதீர்கள்.

படிக்கத் தெரியாத பெற்றோர் கூச்சப்பட வேண்டாம். உங்கள் வேலை கேட்பது. "எத்தனை காரணம்? ஒவ்வொண்டாச் சொல்லு" என்று கேளுங்கள். "எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாது என்பதே இந்த இடத்தில் நன்மை. தெரிந்தவருக்குச் சொல்வதைவிடத் தெரியாதவருக்கு விளங்கவைப்பது கடினம், பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு அங்கேதான் இருக்கிறது. அப்பா தொழிலுக்குப் போய்விட்டால் அம்மம்மா கேட்கட்டும். யாரும் இல்லாவிட்டால் மடித்த தாள் கேட்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டுவேலையாகப் பார்த்தெழுதுவதைக் கொடுக்காதீர்கள், மடித்த தாளைக் கொடுங்கள். மறுநாள் பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் கொப்பிகளை மூடவைத்து ஐந்து கேள்வி கேளுங்கள். மூன்று நேற்றைய பாடத்தில், ஒன்று போன கிழமையில், ஒன்று போன தவணையில். பிள்ளைகளே திருத்தட்டும். புள்ளியைப் பதிவேட்டில் போட வேண்டாம். எந்தக் கேள்வியில் பாதி வகுப்பு தடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அன்றைக்கு எதை மறுபடி கற்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விளங்காததைப் பாடமாக்கச் சொல்லாதீர்கள். யாரோ எழுதிய கட்டுரையை மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. முதலில் விளங்கவேண்டும், பிறகு அது நிலைக்கவேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருக்கிற பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இன்னொரு சுமை ஏற்றவும் நான் வரவில்லை. இந்தப் பத்து நிமிடம், இரவிரவாக நடக்கும் வாசிப்பைக் குறைக்கத்தான். ரியூசனுக்குக் காசு கட்ட முடியாத வீட்டுக்கும் இது முடியும். 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் வந்த இலவசக் கல்வி பள்ளிக்கூட வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே கிடைத்ததைப் பிள்ளை தனதாக்கிக்கொள்வதற்கு இந்த மடித்த தாள் துணை நிற்கும்.

முடிக்குமுன் ஒன்று. போர்நிறுத்த காலத்தில் இந்த உயிலங்குளம் என்றாலே ஊராருக்குச் சோதனைச்சாவடிதான் ஞாபகம். வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டிப் போய்வந்தோம். பிறகு மறுபடி சண்டை, மறுபடி இடப்பெயர்வு. வீடு விட்டு வீடு ஓடியபோது எத்தனை கொப்பிகள், எத்தனை சான்றிதழ்கள் தொலைந்தன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு இடத்தில் மரத்தடியில் பிள்ளைகளை இருத்தினேன். புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை, மணல் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நான் நிற்க, ஒரு சிறுமி குந்தியிருந்து விரலால் எழுதத் தொடங்கினாள். ஏழாம் வாய்ப்பாடு. ஏழு எட்டில் கொஞ்சம் நின்றாள். கையால் அழித்தாள். யோசித்தாள். 56 என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த சின்னவன் அதைப் பார்த்துத் தானும் எழுதினான். அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடம் அப்படித்தான் தொடங்கியது.

அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒருவர், ஏதோ ஒரு திண்ணையில், கொப்பியை மூடிவைத்துக் கேட்டிருக்கிறார். அதனால்தான் கொப்பி தொலைந்த பிறகும் பாடம் அவளிடம் இருந்தது. இனி அப்படி ஒரு காலம் நம் பிள்ளைகளுக்கு வரவே கூடாது. ஆனால் அந்தச் சிறுமியிடம் இருந்தது ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்க வேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் சோறு வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். "படிச்சிட்டியா" என்று கேளாதீர்கள். "கொப்பியை மூடிப்போட்டுச் சொல்லு பிள்ளை, நான் கேக்கிறன்" என்று சொல்லுங்கள்.